சூடேறிய துப்பாக்கிக்குள் காத்திருந்த தோட்டா

சுட்டுச் சுட்டுச் சூடேறிய ஒரு துப்பாக்கிக்குள் அடுத்த தோட்டா எவ்வளவு நேரம் கிடக்கலாம்?

நான் செய்த தொழிலில் இதற்கு எனக்குப் பதில் தெரிந்திருக்க வேண்டும். தெரியவில்லை. இப்போது என் மகளைக் குளிப்பாட்டுவதற்கு முன் முழங்கையால் தண்ணீரைத் தொட்டுப் பார்க்கிறேன். பிறகு வெப்பமானியைப் போட்டுப் பார்க்கிறேன். பிறகு மறுபடியும் முழங்கை. "தண்ணி ஆறிப்போச்சு, பிள்ளை நடுங்கப்போறாள்" என்று மாமி சொன்ன பிறகுதான் நிறுத்துகிறேன்.

ஓய்வு பெற்றவர்கள்தான் இப்படிப்பட்ட கட்டுரைகளை எழுதுவார்கள். எனக்கு இன்னும் நாற்பது வயது ஆகவில்லை. ஆனாலும் நான் ஒரு வேலையை முடித்துவிட்டு வந்தவள். அதற்குத் திரும்பிப் போகும் எண்ணம் இல்லை. அண்மையில் ஒரு தாயும் மகளும் தனித்தனியாக என்னை அழைத்து, அந்த வேலை சம்பந்தமாக ஒன்றுக்கொன்று எதிரான இரண்டு உதவிகளைக் கேட்டார்கள். இருவருக்கும் இன்னும் பதில் சொல்லவில்லை. அதற்கு முன் நடந்ததை ஒழுங்காக எழுதிப் பார்க்க வேண்டும்போல் இருந்தது.

நான் இலக்குச் சுடும் போட்டிகளுக்குத் தோட்டா செய்தவள். மிசிசாகாவில், விமானங்கள் தலைக்கு மேல் தாழப் பறக்கும் தொழிற்பேட்டை ஒன்றில், அனுமதி பெற்ற ஒரு சிறிய பட்டறை. அதை நடத்தியவர் யூட் அண்ணை. மன்னார்க்காரர். அதற்கு முன் ரெக்ஸ்டேலில் கடைசல் இயந்திரத்தில் இரும்பு கடையும் வேலையில் பல வருடங்கள் இருந்தவர். நான் பல்கலைக்கழகத்தில் இரசாயனம் படித்துவிட்டு ஆய்வுகூட வேலை ஒன்றும் கிடைக்காமல் இருந்தபோது அவர் ஆள் தேடிக்கொண்டிருந்தார்.

வீட்டில் சொன்னபோது மாமி கையில் இருந்த அகப்பையைக் கீழே வைத்தார்.

"சூட்டுக்குப் பயந்து ஓடி வந்த சனம் நாங்கள். உனக்குத் தோட்டா செய்யிறதை விட்டால் வேற வேலை கிடைக்கேல்லையோ?"

"அம்மா, அது கடதாசிக்குச் சுடுறது" என்றார் என் கணவர்.

"கடதாசியில ஓட்டை போடுறதுக்கு ஒரு யுனிவேர்சிற்றிப் படிப்போ?"

எனக்கும் உள்ளுக்குள் அதே கேள்விதான். போகப் போகத்தான், கடதாசியில் நினைத்த இடத்தில் ஓட்டை போடுவது எவ்வளவு கடினம் என்று தெரிந்தது. இலக்கு ஒரு கிலோமீற்றருக்குக் கொஞ்சம் குறைவான தூரத்தில் நிற்கும். சுடுபவர் தரையில் குப்புறப் படுத்திருப்பார். கருவட்டம் கண்ணுக்கு ஒரு மிளகளவுதான் தெரியும். அவ்வளவு தூரத்தில் ஒரு குண்டு கொஞ்சம் வேகமாகவும் அடுத்தது கொஞ்சம் மெதுவாகவும் போனால், ஒன்று மேலே விழும், மற்றது கீழே விழும். காற்றுக்கு ஏற்றபடி இடம் வலம் திருத்துவது சுடுபவரின் திறமை. மேல் கீழ் விழாமல் பார்த்துக்கொள்வது தோட்டா செய்பவரின் பொறுப்பு. அந்தப் பொறுப்பு முழுவதும் பவுடரில்தான் இருக்கிறது. தோட்டாவின் பித்தளைக் கோதுக்குள் நாங்கள் நிறுத்துப் போடும் வெடிமருந்தைத்தான் பவுடர் என்போம்.

பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. ஒரு குளிர்காலம் முழுவதும் பித்தளைக் கோதுகளைக் கழுவினேன், அளந்தேன், வாய் நெளிந்தவற்றைக் கழித்தேன். அதற்குப் பிறகுதான் தராசுக்கு முன்னால் உட்கார விட்டார்.

யூட் அண்ணை சத்தம் போட்டுப் பேசியதை நான் கேட்டதில்லை. பாராட்டியதையும் கேட்டதில்லை. காலையில் நான் கையுறையைப் போடும்போது வாசலில் நின்று ஒரே கேள்வியைத்தான் கேட்பார்.

"மேசையில எத்தினை பவுடர்?"

"ஒண்டு, அண்ணை."

"பேரை வாசி."

டப்பாவில் எழுதியிருக்கும் பெயரையும் அது எந்தத் தொகுதியில் வந்தது என்பதையும் உரக்க வாசிக்க வேண்டும். முதல் மாதத்தில் ஒருநாள் எனக்குச் சலித்துவிட்டது.

"நேற்றும் இதுதானே அண்ணை."

"நேற்றையச் சோத்தை மணந்து பாக்காமலே தின்னுறனீ?"

அதன் பிறகு நான் எதிர்த்துக் கேட்கவில்லை. மேசையில் ஒரு பவுடர்தான் இருக்கலாம். வேலை முடிந்ததும் மிச்சம் அதே டப்பாவுக்குள் போக வேண்டும். பெயர் தெரியாமல் ஒரு சிட்டிகை கிண்ணத்தில் மிஞ்சினாலும் அதை எதனோடும் சேர்க்கக் கூடாது; வெளியே கொண்டுபோய்க் கொட்ட வேண்டும். நிறுக்கும்போது யாராவது பேசிவிட்டால் அந்தத் தட்டு முழுவதையும் திருப்பிக் கொட்டிவிட்டு முதலிலிருந்து தொடங்க வேண்டும். அப்படி ஒருமுறை குறுக்கே பேசியது அவரேதான். "சொறி பிள்ளை, கொட்டு" என்றுவிட்டுத் தலையைக் குனிந்தபடி போய்விட்டார். குளிர்காலத்தில் பட்டறை வெப்பமூட்டியின் காற்று வறண்டுபோய், நிலைமின் ஏறிய பவுடர் மணிகள் புனலில் ஒட்டிக்கொண்டு கீழே இறங்காது. அதனால் தராசுக்குப் பக்கத்தில் ஒரு மின்சட்டியில் தண்ணீர் கொதித்துக்கொண்டிருக்கும். எல்லாக் கோதுகளிலும் போட்டு முடிந்ததும் தட்டைச் சரித்து, ரோர்ச் விளக்கு அடித்து, உள்ளே ஒரே மட்டமாக இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். நான் பார்த்த பிறகு அவர் பார்ப்பார். அதன் பிறகுதான் குண்டை வைத்து அடைப்போம்.

அந்தப் பட்டறைக்கு வந்து போன ஒரே தமிழ்ச் சுடுநர் அபிரா. நகரத்தின் கிழக்கு ஓரத்தில், ரூஜில் இருக்கும் வதனி அன்ரியின் ஒரே மகள். பள்ளிக்கூடக் காலத்தில் இராணுவப் பயிற்சிக் கழகத்தில் சேர்ந்து சுடத் தொடங்கியவள். பல்கலைக்கழகத்துக்கு வந்தபோது மாகாண அணிக்குத் தெரிவாகும் நிலைக்கு வந்திருந்தாள். யூட் அண்ணையை "பொஸ்" என்று கூப்பிடும் துணிவு அவளுக்கு மட்டும்தான் இருந்தது.

"பொஸ், உங்கட தோட்டா மேலயும் கீழயும் டான்ஸ் ஆடுது."

"நீ மூச்சை அடக்கிச் சுடு, அது ஆடாது."

"ஐ ஸ்வேர், என்ர மூச்சு இல்லை. அக்காவைக் கேளுங்கோ."

அவள் சொன்னது சரி. நாங்கள் பல வருடம் பாவித்த பவுடர், சிறு குச்சிகளாக வெட்டியது போன்றது. வெயிலிலும் குளிரிலும் ஏறக்குறைய ஒரே மாதிரி எரியும். வேறு நாடுகளில் போர் நடக்க, அந்தச் சாமான் எல்லாம் அங்கே போய், எங்களுக்கு வருவது நின்றுவிட்டது. கையில் இருந்த கடைசி டப்பாக்கள் வேறு வேறு தொகுதிகளில் வந்தவை. ஒன்றுக்கொன்று ஒத்து வரவில்லை. எனவே வேறு பவுடர் தேட வேண்டியிருந்தது.

பலவற்றைப் பரிசோதித்தோம். கடைசியில் ஒன்று கிடைத்தது: கடுகைப் போல உருண்டையான சிறு மணிகள். தராசில் அழகாக இறங்கும். இளவேனிற்காலத்தில் நகரத்துக்கு வடக்கே உள்ள சுடுதளத்தில் யூட் அண்ணை அதைச் சுட்டுப் பார்த்தார். வேகம் அளக்கும் கருவியில் எண்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு வந்தன. இலக்கைக் கழற்றிக் கொண்டு வந்து பார்த்தால், ஓட்டைகள் ஒரே உயரத்தில் வரிசையாக இருந்தன, யாரோ அடிமட்டம் வைத்துக் குத்தியதுபோல. அவர் அதை நெடுநேரம் பார்த்தார்.

"இது சூட்டுக்கு என்ன செய்யும்?" என்று கேட்டார்.

உருண்டைப் பவுடர்கள் பலவற்றுக்கு உள்ள குறை அது. சூடேறினால் வேகமாக எரியும். வேகமாக எரிந்தால் கோதுக்குள் அமுக்கம் கூடும். எனவே சூட்டுக்கும் பரிசோதித்தோம். என் கணவரின் சாப்பாட்டுப் பையில் வெந்நீர்ப் போத்தலோடு தோட்டாக்களை வைத்து, கோடையில் கார் டிக்கிக்குள் கிடந்தால் ஏறக்கூடிய அளவுக்கு மேல் சூடாக்கினோம். எடுத்து உடனே சுட்டோம். வேகம் கொஞ்சம் கூடியது. சுட்ட கோதுகளின் அடியை உருப்பெருக்கியில் பார்த்தோம். பயப்படும்படி எதுவும் இல்லை. அப்படியிருந்தும் யூட் அண்ணை, "இன்னும் கொஞ்சம் குறை" என்றார். பவுடரின் அளவைக் குறைத்தோம். ஓட்டைகள் அப்போதும் ஒரே உயரத்தில்தான் இருந்தன.

எடுத்து உடனே சுட்டோம் என்று எழுதினேனே, அதைத்தான் இப்போது திரும்பத் திரும்ப வாசிக்கிறேன். எங்களுக்கு வேண்டியிருந்தது வேகமும் அமுக்கமும். காற்று எந்தப் பக்கம் அடித்தாலும் அவற்றை அளக்கலாம். எனவே காற்றுக்காகக் காத்திருக்க வேண்டிய தேவை எங்களுக்கு வரவில்லை. போட்டியில் சுடுபவர்கள் அப்படி இல்லை. தோட்டாவை உள்ளே தள்ளிப் பூட்டிவிட்டு, கண்ணை இலக்கில் வைத்தபடி, தூரத்தில் காற்றைக் காட்டி ஆடும் கொடி மறுபடி முன்போல் படியும்வரை காத்திருப்பார்கள். அதுவரை தோட்டா, சுட்டுச் சூடேறிய துப்பாக்கிக்குள் கிடக்கும். அபிரா அப்படிக் காத்திருப்பதை நான் பல தடவை பார்த்திருக்கிறேன். "பொறுமை இருக்கிற பிள்ளை" என்று நினைத்துக்கொண்டதும் உண்டு.

அந்தக் கோடையில் நான் கர்ப்பமாக இருந்தேன். சொன்ன அன்றே யூட் அண்ணை என்னை மேசையிலிருந்து எழுப்பிவிட்டார். தோட்டாவின் அடியில் இருந்து பவுடரைப் பற்றவைக்கும் பிரைமரில் ஈயம் இருக்கிறது; அது வயிற்றுப் பிள்ளைக்கு ஆகாது. "இனி நீ போன் எடு, பார்சல் ஒட்டு. இந்த அறைக்குள்ள கால் வைக்காத" என்றார். ஆனால் மாகாணப் போட்டிக்கு வரச் சொன்னார். எங்கள் தோட்டாவோடு அபிரா சுடும் பெரிய போட்டி அதுதான்.

நல்ல வெயில். சுடுபவர்களுக்கு வெகு பின்னால் மடக்குக் கதிரையில் நானும் வதனி அன்ரியும் காதடைப்பான் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். அன்ரி வெள்ளிக்கிழமை விரதம் பிடிப்பவர். ஆனால் மகளின் போட்டி என்றால் ஒரு பெட்டி நிறைய மட்டன் ரோல்ஸ் செய்து கொண்டு வருவார். சூட்டுச் சத்தம் ஒவ்வொன்றுக்கும் அவர் தோள் துள்ளும்.

"பதுங்குகுழிக்குள்ள கிடந்த காலத்தில இப்பிடித்தான் துள்ளுவன். இப்ப காசு குடுத்துத் துள்ளுறன்" என்று காதடைப்பானை ஒரு பக்கம் விலக்கி எனக்குச் சொன்னார். நான் சிரித்தேன். "சாப்பிடு பிள்ளை, உனக்கு ரெண்டு வயிறு" என்று ஒரு ரோல்ஸைக் கையில் திணித்தார்.

அபிரா நன்றாகச் சுட்டுக்கொண்டிருந்தாள். பாதுகாப்புக் கண்ணாடியில் வியர்வை ஆவி படிந்து மறைத்ததால் அதைக் கழற்றிப் பாயில் வைத்ததை நான் தொலைநோக்கியில் பார்த்தேன். கழற்றக் கூடாது என்று விதி இருக்கிறது. கழற்றுபவர்களும் இருக்கிறார்கள். பிறகு கொடிகள் திரும்பின. அவள் உள்ளே போட்ட தோட்டாவை வெளியே எடுக்காமல் காத்திருந்தாள். பக்கத்தில் இருந்தவர்களும் காத்திருந்தார்கள். தளம் முழுவதும் அமைதியாகிவிட்டது. அன்ரி இன்னொரு ரோல்ஸைத் தாளில் சுற்றிக்கொண்டிருந்தார், மகளுக்கு.

சத்தம் வழக்கமான சத்தம்தான். அதுதான் எனக்கு இன்றும் விளங்கவில்லை. வித்தியாசமாக எதுவும் கேட்கவில்லை. அபிரா துப்பாக்கியை மெதுவாக, ஒழுங்காகக் கீழே வைத்தாள். கையை உயர்த்தினாள். பிறகுதான் மற்றக் கையால் முகத்தைப் பொத்தினாள்.

அன்ரி ஓடியதை என்னால் எழுத முடியவில்லை.

பிரைமரில் ஊசி முனையளவு ஒரு துளை விழுந்து, அதன் வழியாகச் சூடான வாயு பின்பக்கமாக வந்திருந்தது. அவளுடைய வலது கண்ணைக் காப்பாற்ற முடியவில்லை.

மறுநாளே யூட் அண்ணை அவளுடைய பெட்டியில் மிஞ்சிய தோட்டாக்கள் எல்லாவற்றையும் பிரித்தார். என்னைக் கண்ணாடிக் கதவுக்கு வெளியே கதிரை போட்டு உட்காரச் சொன்னார். ஒவ்வொன்றையும் நிறுத்து, எண் எனக்குத் தெரியும்படி தராசைத் திருப்பிக் காட்டினார். ஒன்றாவது கூடியிருக்க வேண்டும் என்று நான் நேர்ந்துகொண்டிருந்தேன். ஒன்று பிழையாக இருந்தால் பிழை எங்கே என்று தெரிந்துவிடும்; அதைச் சொல்லி அன்ரியின் காலில் விழலாம். எல்லாம் சரியாக இருந்தன.

துப்பாக்கியைப் பரிசோதித்தவர் அதிலும் குறை காணவில்லை. பிரைமர் பழுதாக இருந்திருக்கலாம் என்றார். காத்திருந்த நேரத்தில் பவுடர் சூடேறியதும் காரணமாக இருக்கலாம் என்றார். இரண்டும் சேர்ந்திருக்கலாம் என்றார். பிறகு யூட் அண்ணை அதே பவுடரை அதே அளவில் போட்டு, துப்பாக்கியைச் சுட்டுச் சூடேற்றி, தோட்டாவை உள்ளே விட்டுக் காத்திருந்து காத்திருந்து, கயிறு கட்டித் தூர நின்று சுட்டுப் பார்த்தார். ஒரு பிரைமர்கூடத் துளைக்கவில்லை.

ஆஸ்பத்திரி நடையில் வதனி அன்ரி என்னிடம் கேட்டது ஒன்றுதான்.

"நீங்கள்தானே பிள்ளை செய்து குடுத்தனீங்கள்?"

"ஓம் அன்ரி."

"உங்கடையில பிழையோ?"

"தெரியேல்லை, அன்ரி."

அவர் என் வயிற்றைப் பார்த்தார். பிறகு, "வெறும் வயித்தோட நிக்காத, போய்ச் சாப்பிடு" என்றார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

யூட் அண்ணை அந்தப் பவுடரில் மிச்சமிருந்த டப்பாக்களை எல்லாம் பட்டறைக்குப் பின்னால் புல்லில் கொட்டினார். எங்கள் தொழிலில் பவுடரை அப்படித்தான் அழிப்போம். அது புல்லுக்கு உரம். நான் மகப்பேற்று விடுமுறைக்கு முன் கடைசியாகப் போன நாளில், அந்த இடத்தில் மட்டும் புல் கரும்பச்சையாக, முழங்கால் உயரத்துக்கு வளர்ந்திருந்தது. விடுமுறை முடிந்தும் நான் திரும்பவில்லை. ஈயத்தைக் காரணமாகச் சொன்னேன்.

இப்போது மகள் நடக்கத் தொடங்கிவிட்டாள். அபிரா இடது கண்ணால் சுடப் பழகி, மறுபடி தெரிவுப் போட்டிகளுக்குப் போகிறாள். போன வாரம் அழைத்தாள்.

"அக்கா, எனக்கு அந்தப் பழைய உருண்டைப் பவுடர்தான் வேணும். அது மாதிரி ஒண்டும் நேராப் போகேல்லை."

"அபிரா, உனக்கென்ன விசரோ?"

"நான் அதைக் கனநேரம் உள்ள வச்சிருந்தனான். கிளாஸைக் கழட்டினனான். தற்ஸ் ஒன் மீ, என்ர பிழை. இனி ரெண்டும் செய்யமாட்டன். காத்து மாறினால் தோட்டாவை வெளிய எடுப்பன், ப்ரொமிஸ்."

"யூட் அண்ணை என்ன சொன்னவர்?"

"நீங்கள் ஓம் எண்டால் செய்வாராம். இல்லையெண்டால் இல்லையாம்."

"வேற ஆரும் செய்து தருவினம்தானே."

"ஒருத்தரும் அந்தப் பவுடரில தோட்டா செய்யிறேல்லை. பரவாயில்லை. நான் பேஸ்மன்ற்ல தோட்டா போடுற மெஷின் வாங்கி வச்சிருக்கிறன். நானே போடுவன்."

சொந்தத் தேவைக்கு வீட்டில் தோட்டா செய்வது இங்கே சட்டப்படி சரிதான். பலர் செய்கிறார்கள். அவளுடைய மேசையில் எத்தனை பவுடர் இருக்கிறது என்று கேட்டேன்.

"மூண்டு, நாலு இருக்கும். ஏன்?"

அதற்கு அடுத்தநாள் வதனி அன்ரி அழைத்தார். மகள் என்னோடு பேசியது அவருக்குத் தெரியாது. பேஸ்மன்றில் மெஷினைக் கண்டிருக்கிறார்.

"பிள்ளை, அவள் அந்தப் பவுடரைத் திரும்பத் தேடுறாள். அவள் உன்ர சொல்லைத்தான் கேப்பாள். பிழை அந்தப் பவுடரிலதான் எண்டு கண்டுபிடிச்சிட்டம் எண்டு சொல்லு. ஒரு சொல்லுத்தானே. நீயும் இப்ப ஒரு தாய்."

"கண்டுபிடிக்கேல்லையே, அன்ரி."

"அவளுக்கு இன்னும் ஒரு கண்தான் இருக்கு."

என் மகள் அப்போது என் கால்களுக்கு நடுவே உட்கார்ந்து ஒரு சட்டிக்கு மூடி போட்டுக்கொண்டிருந்தாள். நான் தொலைபேசியை வைத்துவிட்டேன்.

அன்ரி கேட்ட பொய்யைச் சொன்னால், அபிரா ஒருவேளை நம்புவாள். யூட் அண்ணையிடம் கேட்டுப் பார்த்தால் பொய் என்று தெரிந்துவிடும்; பிறகு நான் சொல்லும் எதையும் நம்பமாட்டாள், மேசையில் ஒரு பவுடர்தான் இருக்க வேண்டும் என்பதையும்கூட. வேண்டாம் என்று மட்டும் சொன்னால், நாலு டப்பாவுக்கு நடுவே ஒற்றைக் கண்ணோடு தனியாக உட்கார்ந்து போடுவாள். ஓம் என்று சொன்னால் யூட் அண்ணை இன்னும் குறைத்து, கவனமாகச் செய்து கொடுப்பார். அவள் கொடியைப் பார்த்தபடி படுத்திருப்பாள். காற்று மாறும்போது தோட்டாவை வெளியே எடுப்பேன் என்கிறாள். வெற்றிக்குக் கிட்டே நிற்கும் ஒருத்தி அதை எடுப்பாளா? அன்று பக்கத்தில் படுத்திருந்தவர்களில் ஒருவராவது எடுத்ததை நான் பார்க்கவில்லை.

தெரியவில்லை என்பதுதான் உண்மை. அந்த உண்மையை ஒருமுறை ஒரு தாயிடம் சொன்னேன். அதை வைத்துக்கொண்டு அவர் என்ன செய்திருக்க முடியும் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

பனி கரைந்ததும் சுடுதளம் திறந்துவிடும். அதற்கு முன் இரண்டு பேருக்கும் நான் பதில் சொல்ல வேண்டும். இதை வாசிப்பவர்களில் பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கியவர்கள் இருப்பீர்கள். சொன்னால் கேட்காத வயதில் பிள்ளைகள் இருக்கும் பெற்றோரும் இருப்பீர்கள். தோட்டாவைப் பற்றி உங்களுக்கு எதுவும் தெரிந்திருக்கத் தேவையில்லை. அன்ரிக்கு நான் என்ன சொல்லட்டும்? அபிராவுக்கு என்ன சொல்லட்டும்? இருவருக்கும் ஒரே பதிலைச் சொல்ல வழி இருக்கிறதா? தயவுசெய்து எழுதுங்கள்.